பூஜைக்கு மறுநாள் வேலை செய்யாத ஹெட்செட்

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. மறைத்து என்ன ஆகப் போகிறது? பால்காரர் ஊற்றும்போது நான் பாலைப் பார்ப்பதில்லை, அவர் கையைப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் தூங்கி விழுந்தால், நிஜமாகத்தான் தூங்குகிறாளா என்று என் பைமேல் ஒரு கை வைத்துக்கொள்வேன். அதனால் அந்த விஜயதசமி காலையில் என் கம்ப்யூட்டர் ஹெட்செட்டை அடையாளம் தெரியவில்லை என்று சொன்னவுடன், என்ன கோளாறு என்று யோசிக்கத் தோன்றவில்லை. யார் பார்த்த வேலை என்றுதான் தோன்றியது.

அன்று பதினொரு மணிக்கு எனக்குத் தேர்வு. பெங்களூர்க் கம்பெனி ஒன்று, தமிழில் பேசிப் பதிந்த ஒலியைக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்து கொடுக்க ஆள் தேடியது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. தேர்வில் ஹெட்செட்டில் கேட்க வேண்டும், கீபோர்டில் அடிக்க வேண்டும், கேமரா முழு நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போனில் எழுத முடியாது. குறித்த நேரத்துக்கு உள்ளே வராவிட்டால் மறு வாய்ப்பு கிடையாது என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் மதுரையில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்தவள். காதணி விழாப் பத்திரிகைக்குத் தாய்மாமன்மார் பெயரை மட்டும் ஒரு பக்கம் முழுக்க அடித்திருக்கிறேன். ஒரு மாமன் பெயர் விட்டுப்போனால் போதும், கடைக்கே சண்டைக்கு வந்துவிடுவார்கள். விரலுக்கு அந்த வேகம் இன்னும் இருக்கிறது. ஆனால் கல்யாணமாகி வந்த பிறகு என் விரலுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. நாற்பதைத் தாண்டியவளை இனி எவன் கூப்பிடப் போகிறான்? கூப்பிட்ட ஒரே இடம் இதுதான். இதையும் விட்டால் காலம் முழுக்க அடுப்படிதான் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீடு வண்டியூரில், தெப்பக்குளத்திலிருந்து கூப்பிடு தூரம். முன்பக்கம் என் வீட்டுக்காரரின் கிரில் பட்டறை. ஜன்னல் கம்பி, கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். பின்பக்கம் நாங்கள் குடியிருக்கிறோம். என் கம்ப்யூட்டரை அவர் 'டப்பா' என்பார். "அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டா ஒரு பீரோ வைக்கலாம்" என்று வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லாமல் இருந்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். அங்கிருந்து போன் வந்திருக்கிறது, அவர் நம்பருக்கு. 'ராங் நம்பர்' என்று வைத்துவிட்டார். பிறகு நானே போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது. கேட்டதற்கு, "பட்டறைச் சத்தத்துல காதுல விழல" என்றார். நான் நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை.

தேர்வுக்கு விஜயதசமியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். நல்ல நாள், தொட்டது துலங்கும் என்று நினைத்தேன். முதல் நாள் ஆயுத பூஜை. பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடக்கூடாது என்பதால், பூஜைக்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை செருகிப் பார்த்தேன். ஹெட்செட்டில் என் குரல் எனக்கே கேட்டது. கேமராவில் என் முகம் தெரிந்தது. கழற்றிச் சுருட்டி மேஜை டிராயரில் வைத்துவிட்டு, சுண்டல் தாளிக்கப் போய்விட்டேன். உசிலம்பட்டியிலிருந்து என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, பூஜைக்கு வந்திருந்தார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். பட்டறையில் பூஜை, வீட்டில் பூஜை, பொரி, அவல், வாழைக்கன்று என்று அன்று பொழுது போனதே தெரியவில்லை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, கம்ப்யூட்டர்மேல் நான் வைத்திருந்த பொட்டையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தேன். சாமி கும்பிட்டு சுவிட்சைப் போட்டேன். ஹெட்செட்டைச் செருகினேன். சத்தமே இல்லை. திரை ஓரத்தில் ஒரு பெட்டி எழும்பி வந்து, செருகிய சாதனத்தை அடையாளம் தெரியவில்லை என்றது. கேமராவைச் செருகினேன். அதற்கும் அதே பதில்.

என் கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. துளைகள் முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. பின்னால் உள்ளதில் இரண்டு ஒரு மழைக்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கியதில் செத்துப்போயின. மீதி இரண்டில் ஒன்று கீபோர்டுக்கு, ஒன்று மவுசுக்கு. ஆக ஹெட்செட்டுக்கும் கேமராவுக்கும் முன்னால் இருப்பவைதான் கதி. கம்ப்யூட்டர்ப் பெட்டியோ மேஜைக்கு அடியில், சுவரை ஒட்டி இருட்டில் கிடக்கும். துளையைக் கண்ணால் பார்த்துச் செருகியதே கிடையாது. கையால் தடவித்தான் செருகுவேன்.

போனை எடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தேடினேன். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அணைத்துப் போடு என்றார்கள், போட்டேன். வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடி என்றார்கள், பிடித்தேன். சாதனங்களின் பட்டியலைத் திறந்து, மஞ்சள் முக்கோணம் போட்டதை நீக்கிவிட்டு மறுபடி செருகு என்றார்கள். நீக்கினேன், செருகினேன். முக்கோணம் போய், திரும்பவும் அதே முக்கோணம் வந்து உட்கார்ந்தது. ஹெட்செட்டின் மேல்தான் குற்றமோ என்று மவுசைக் கழற்றிவிட்டு அந்தப் பின் துளையில் செருகிப் பார்த்தேன். உடனே டொய்ங் என்றது. ஹெட்செட் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் முன்பக்கத்தில் ஏதோ நடந்திருக்கிறது. முந்தின நாள் மத்தியானம் நன்றாக இருந்தது ராத்திரியோடு ராத்திரியாக எப்படிக் கெடும்? தானாகக் கெடாது. யாரோ கெடுத்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்த கடைக்காரருக்குப் போன் செய்தேன். போன மாதம்தான் சுத்தம் செய்கிறேன் என்று கழற்றி மாட்டியிருந்தார். பழையதை மாட்டிவிட்டுப் புதியதைக் கழற்றிக்கொண்டாரோ என்று அன்றிலிருந்தே எனக்கு ஒரு உறுத்தல்.

"அக்கா, டிரைவர் போயிருக்கும்க்கா" என்றார்.

"அதெல்லாம் பாத்தாச்சு. போன மாசம் உள்ள என்னத்தை மாத்துனீங்க?"

"ஐயோ அக்கா, தூசி ஊதுனேன், அம்புட்டுதான். வேணும்னா நாளைக்கு வாரேன். இன்னைக்குக் கடை கிடையாது, குடும்பத்தோட அழகர்கோவில்ல நிக்கிறேன்."

நாளைக்கு வந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறார்? வைத்துவிட்டேன்.

அடுத்து மதினி. ஹாலில் உட்கார்ந்து முந்தின நாள் பொரியைக் கொறித்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து, "வீட்டுக்குள்ள உக்காந்து யாருக்கோ டைப் அடிக்கிறதெல்லாம் ஒரு வேலையாத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். போதாததற்கு, வீடு பெருக்குகிறேன் என்று விளக்குமாற்றோடு அந்த அறைக்குள் போனதையும் நான் பார்த்திருந்தேன்.

"மதினி, கம்ப்யூட்டர் ஒயர் எதையாச்சும் இழுத்தீங்களா?"

"நானா? அது பக்கமே போகலத்தா. தொட்டா ஷாக் அடிக்கும்னு எனக்குப் பயம்" என்றவர், குரலைத் தாழ்த்தி, "ஒம் புருசன்தான் நேத்துச் சாயங்காலம் மேசைக்கு அடியில குனிஞ்சு கெடந்தான். நீ அடுப்படியில நின்ன. ரொம்ப நேரம் கெடந்தான்" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. தம்பியைக் காட்டிக்கொடுக்கிற சந்தோஷமா, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை வரப்போகிற சந்தோஷமா தெரியவில்லை.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ராங் நம்பர்.

போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மேஜைக்கு அடியில் படுத்தேன். முதல் முறையாக அந்தத் துளைகளை முகத்துக்கு நேராகப் பார்த்தேன். இரண்டு துளையும் உள்ளே மஞ்சளாக அடைத்துக் கிடந்தன. நகத்தால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம். நடுவில் குங்குமம். மேலாகத் தடவியது போல இல்லை, விரலை வைத்து உள்ளே திணித்திருந்தது. காலையில் நான் வெளியே துடைத்தபோது உள்ளே இருந்தது அப்படியே நின்றிருக்கிறது. கை தவறிப் பட்டிருந்தால் ஒரு துளையில் படும். இரண்டு துளையிலும் அச்சுப் பிசகாமல் எப்படிப் படும்?

படுபாவி மனுஷன், சாமி பேரைச் சொல்லிச் சோலியை முடித்துவிட்டாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்த வேகத்தில் மேஜையில் தலை இடித்தது. அதையும் அவர் கணக்கிலேயே எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய டூத் பிரஷ்ஷால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். புது வீட்டுக்குக் கேட் சொல்லியிருந்த ஒருவர் வெற்றிலை பாக்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நல்ல நேரத்தில் தன் கேட்டுக்கு முதல் துளை போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. வெளி ஆள் இருக்கிறாரே என்றெல்லாம் நான் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டர் துளைக்குள்ள சந்தனத்தை வச்சது யாரு?"

"நான்தான்" என்றார். ஒளிவு மறைவே இல்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

"துளைக்குள்ளயா வைப்பாங்க?"

"பின்ன எங்க வைப்பாங்க? மிசினுக்கு வாயிலதான பொட்டு வைக்கணும். வேலை போயி வர்ற எடம் அதுதான. தலையில வச்சா அழகுக்குத்தான் ஆகும். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த மொதலாளி அப்படித்தான் வைப்பாரு, நானும் அப்படித்தான் வைக்கிறேன்."

பேச்சில் என்னை மடக்கிவிடலாம் என்று நினைக்கிறார் என்று தோன்றியது. வாய்ச்சொல்லை நம்புகிற ஆளா நான்? டார்ச்சை அணைக்காமல் நேரே டிரில்லிங் மெஷினிடம் போய்க் குனிந்து பார்த்தேன். துளை போடும் கம்பியைக் கவ்வுகிற வாயில் சந்தனம், நடுவில் குங்குமம். இரும்பைப் பிடித்து நிறுத்தும் வைஸின் இரண்டு தாடைக்கும் நடுவே சந்தனம். வெல்டிங் ராடு செருகும் பிடியைப் பிரித்துப் பார்த்தேன், அதிலும் இருந்தது. ஒன்றிலும் தலையில் பொட்டு இல்லை. அவர் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது கை டிரில். அதன் வாயிலிருந்து மஞ்சள் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது.

"வருசா வருசம் மறுநா காலையில நோண்டி எடுத்துருவோம்ல. ஒனக்கும் எடுத்துத் தரலாம்னுதான் இருந்தேன். நீதான் விடியுமுன்னே துணியை வச்சுத் தொடச்சுக்கிட்டு இருந்த, நீயே பாத்துக்கிட்டன்னு விட்டுட்டேன்" என்றார்.

அப்போதும் என் மனம் இறங்கவில்லை. ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"போன வருசம் வைக்கலியே? அதுக்கு முந்துன வருசம் வைக்கலியே? நான்தான திருட்டுத்தனமா ஒரு குங்குமம் வச்சுக்கிட்டு இருந்தேன்? இந்த வருசம் மட்டும் என்ன திடீர்ப் பாசம்?"

பிரஷ்ஷை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "போன வருசம் அது வீட்டுச் சாமான். இந்த வருசம் வேலைச் சாமான்" என்றார்.

கேட்டுக்காரர் தலையை ஆட்டினார். இத்தனை வருடத்தில் அவர் வாயால் என் டப்பாவுக்கு வேலை என்ற சொல்லைக் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது, சந்தனத்தைத் திணித்த அந்த விரலை ஒடிக்கலாம் போலவும் இருந்தது. பள்ளிக்கூடத்துப் போன் விஷயம் வேறு. அதை இதோடு நேர் செய்துவிட நான் தயாராக இல்லை. ஆனால் அப்போது நின்று அழவும் சண்டை போடவும் நேரமில்லை. அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பின்னாலேயே வந்து, "மண்ணெண்ணெய் தரவா?" என்றார். "சாமி, நீங்க ஒண்ணுமே தராம இருந்தாப் போதும்" என்று கதவைச் சாத்தினேன். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை வெளிச்சத்துக்கு இழுத்தேன். தென்னங்குச்சியில் பஞ்சைச் சுற்றி, கொரோனா காலத்து சானிடைசரில் தோய்த்து, உள்ளே இருந்த பித்தளைத் தகட்டுக்கு வலிக்காமல் எடுத்தேன். மதினி கேட்காமலேயே வந்து விசிறியால் விசிறி உலர்த்தினார். ஹெட்செட்டைச் செருகினேன். டொய்ங். கேமராவைப் பக்கத்துத் துளையில் செருகினேன். அசைவில்லை. எடுத்துத் துடைத்துத் திரும்பச் செருகினேன். அந்தத் துளை செத்தே போயிருந்தது.

நேரமோ பத்தரையைத் தாண்டிவிட்டது. இருப்பது மூன்று துளை, செருக வேண்டியது நான்கு சாமான். மதினி, "போகட்டும் விடுத்தா, சாமி சித்தம் அப்படி" என்றார். எந்தச் சாமி? நான் மவுசைப் பிடுங்கி எறிந்தேன். டி.டி.பி. கடையில் மவுஸ் ரிப்பேரான நாளில் முதலாளிக்குத் தெரியாமல் கீபோர்டை மட்டும் வைத்து ஒரு கல்யாணப் பத்திரிகையை முடித்தவள் நான். மவுஸ் இருந்த துளையில் கேமராவைச் செருகினேன். என் முகம் திரையில் வந்தது. நெற்றியெல்லாம் வேர்வை, கன்னத்தில் சந்தனம்.

தேர்வைக் கண்காணிக்கும் பெண் ஹெட்செட்டில் வந்தாள். அவளுக்கு என்னைவிடச் சந்தேகம். கேமராவைக் கையில் எடுத்து அறை முழுவதும் காட்டச் சொன்னாள். மேஜைக்கு அடியில் காட்டுங்கள், கதவுக்குப் பின்னால் காட்டுங்கள் என்றாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் ஏதோ எழுதியிருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றாள். மதினி இன்னும் விசிறியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, அவர் யார், என்ன சாடை காட்டுகிறார் என்று கேட்டாள். மதினியை வெளியே அனுப்பினேன்.

"மேடம், வெளியிலிருந்து பேச்சோ சத்தமோ கேட்டால் தேர்வை நிறுத்திவிடுவோம். உங்கள் வீட்டில் சத்தம் வருமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் கிரில் பட்டறை. நல்ல நேரத்துக்குள் முதல் வேலையைத் தொடங்கியே ஆக வேண்டிய நாள். அவர் கட்டிங் மெஷினைப் போட்டால் எங்கள் தெருவில் தூங்குகிற குழந்தைகூட எழுந்துவிடும். எழுந்து போய்ச் சொல்லவும் முடியாது; கேமராவை விட்டு நகர்ந்தால் அதற்கும் ரத்து.

"இல்ல மேடம், எங்க வீட்டுல சத்தமே வராது" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன், பயத்தில்.

தேர்வு தொடங்கியது. யாரோ ஒரு விவசாயி உரம் கிடைக்காததைப் பற்றிப் பேசினார். யாரோ ஒரு அம்மா பேங்கில் சண்டை போட்டார். விரல் தானாக ஓடியது. பக்கம் மாற்ற மவுஸ் இல்லாமல் டேப் பட்டனைத் தட்டித் தட்டிப் போனேன். ஆனால் ஒரு காது ஹெட்செட்டிலும், இன்னொரு காது சுவரிலுமாக இருந்தது. இதோ போடப் போகிறார், இந்தா வந்துவிட்டது என்று ஒவ்வொரு வரிக்கும் எதிர்பார்த்துக்கொண்டே அடித்தேன். சத்தம் வரவில்லை. வராதது இன்னும் பயமாக இருந்தது. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தால் ஃபேன் சுற்றுகிறது. ஆள் எங்காவது கிளம்பிவிட்டாரா? மெஷின் வாயில் சந்தனம் மாட்டிக்கொண்டதா? ஒரு வீட்டில் இப்படி அமைதி இருந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்றே என் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரமும் அப்படியே போனது.

தேறிவிட்டேன், வேலையும் கிடைத்தது. அது பிறகு வந்த செய்தி. அன்று தேர்வு முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, என்னதான் நடக்கிறது என்று பார்க்கப் பட்டறைக்குப் போனேன்.

கேட்டுக்காரர் இரும்புக் குழாய்மேல் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "நேரமெல்லாம் போயிருச்சுண்ணே" என்று முணுமுணுத்தார், அதுவும் ரகசியம் போல. மதினி ஷட்டர் ஓரம் நின்று, தெருவில் வந்த ஒரு பழ வண்டிக்காரரை வாயில் விரல் வைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். டிரில்லிங் மெஷினில் கம்பி மாட்டி, அடியில் கேட் பட்டை வைத்து, சூடம் ஏற்றி அணைந்த தட்டும் அப்படியே இருந்தது. எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏன் இன்னும் ஆரம்பிக்கல?" என்றேன்.

"நீதான சத்தமே வராதுன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொன்ன. ஜன்னல் வழியா கேட்டுச்சு" என்றார். பிறகு எழுந்து, சுவிட்சில் கை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சா? அப்ப நான் போடவா?"